மூணாவது பாட்டுல ஒரு மூச்சு

காபி அங்கேயே இருக்கட்டும் தம்பி. உங்க வீட்டுல தப்பா நினைச்சுக்க வேண்டாம்னு சொல்லுங்க, வந்த காரியம் முடியட்டும், குடிக்கறேன். பெரம்பூர்ல விடியறதுக்குள்ள கிளம்பி, சென்ட்ரல்ல ரயில் பிடிச்சு, கோயம்புத்தூர் ஸ்டேஷன்ல இருந்து நேரா இங்கதான் வர்றேன். சாயங்கால வண்டிக்குத் திரும்பணும். இன்னிக்கு சனிக்கிழமை. திங்கட்கிழமை காலையில ஆஸ்பத்திரியில இருக்கணும். இதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா நான் பேச ஆரம்பிச்சா சுத்தி வளைப்பேன்னு என் பொண்ணு பிரிசில்லா சொல்லுவா. அவ இப்ப என்கிட்ட எதுவுமே சொல்றதில்ல, அது வேற.

போன்ல மூணு தடவை கேட்டேன். மூணு தடவையும் மரியாதையாத்தான் முடியாதுன்னீங்க. "மன்னிச்சுக்கோங்கய்யா"ன்னு வேற சொன்னீங்க. மன்னிச்சுட்டேன். அதனாலதான் நேர்ல வந்து நிக்கறேன்.

அதோ, சோபாவுக்கு மேல கண்ணாடி போட்டு மாட்டியிருக்கீங்களே, அந்த இசைத்தட்டைத்தான் பிரிச்சுப் போடுங்கன்னு கேக்கறேன். 'ஈவினிங் ஆன் மவுண்ட் ரோடு.' வாசிச்சது ஹார்பர் குவின்டெட், பாடினது ஹில்டா, வருஷம் எழுபத்தி நாலு. மவுண்ட் ரோடு பக்கம் ஒரு ஹோட்டல் இருந்துச்சு, இப்ப இல்ல. சனிக்கிழமை சாயங்காலம் அங்க ஜாஸ் வாசிப்பாங்க, அஞ்சு பேரு, பாடறதுக்கு ஒரு பொண்ணு. ஹோட்டல்காரன் புது வருஷத்துக்கு வாடிக்கைக்காரங்களுக்குக் குடுக்கலாம்னு முந்நூறு தட்டு அடிச்சான். ஒவ்வொண்ணையும் பாலிதீன் கவர்ல போட்டு ஓரத்துல சூடு வெச்சு ஒட்டினான். பாதிய மழைவெள்ளம் கொண்டுபோச்சு, மீதிய பழைய பேப்பர்காரன் கொண்டுபோனான். இன்னிக்கு உலகத்துலயே ரெண்டுதான் மிச்சம்னு தட்டு சேக்கறவங்க சொல்லிக்கறாங்க. ஒண்ணு உங்க சுவத்துல, ஒண்ணு என் பீரோவுல. அந்த ஹில்டா என் சம்சாரம்.

பக்கத்து ஃப்ரேம்ல ஒரு லெட்டர் இருக்கே, உங்க அப்பா நஞ்சப்பன் ஐயா கேட்டதுக்காக நான் எழுதிக் குடுத்தது. 'இது சீல் பிரிக்கப்படாத அசல் பிரதி என்று உறுதி கூறுகிறேன், தா. தேவநேசன்.' நல்ல கையெழுத்து எனக்கு அப்ப. மனுஷன் செத்து ஏழு வருஷம் ஆகுது, இன்னும் தொங்கவிட்டிருக்கீங்க. என் பேச்சுக்கு அவ்வளவு மரியாதை வெச்சிருந்தார்.

அவர் மட்டுமா. வருஷா வருஷம் ஜனவரியில நான் ஒரு லிஸ்டு போடறேன்ல, அதுக்காகக் காத்துக்கிட்டு இருக்கிறவங்க எத்தனை பேரு. பழைய தட்டை மறுபடி புதுசா அச்சடிச்சு விடறாங்களே, ரீஇஷ்யூ, அதுல எதை வாங்கலாம், எது தண்டம், அதுதான் லிஸ்டு. ஜாஸும், தனியாப் பாடறவங்க தட்டும், அவ்வளவுதான். நான் 'வாங்கலாம்'னு எழுதினா கல்கத்தாவுல வாங்குவான். 'முதல்ல பதிவு பண்ணின டேப்பை விட்டுட்டு சிடியில இருந்து அச்சடிச்சிருக்கான்'னு எழுதினா பெங்களூர்ல ஒருத்தன் தொடமாட்டான். ரயில்பெட்டி செய்யற ஐ.சி.எஃப்.ல வேலை பாத்தப்ப ஆபீஸ்ல டைப் அடிச்சுத் தபால்ல அனுப்பின காலத்துல இருந்து போடறேன். இப்ப பிரிசில்லா இன்டர்நெட்ல ஏத்தி விடுவா.

லிஸ்டு முடியற இடத்துல 'ரீஇஷ்யூ வர வேண்டியவை'ன்னு ஒரு பகுதி வரும். இருபத்தாறு வருஷமா அதுல முதல் பேரு இந்தத் தட்டுதான். இந்தக் குரலை உலகம் கேக்க வேண்டாமா, யாராவது முன்வர மாட்டாங்களான்னு வருஷம் தவறாம எழுதியிருக்கேன். எழுதினதை ஹில்டாவுக்குப் படிச்சும் காட்டுவேன். அவ கேட்டுக்கிட்டே பீன்ஸ் நறுக்குவா. அப்புறம், "உங்ககிட்டதான் ஒண்ணு இருக்கே, போடுங்களேன், நான் கேக்கறேன்"னு சொல்லுவா. கூடவே இருந்தும் இந்த விஷயத்துல ஒண்ணும் கத்துக்கல பாருங்க. சீல் பிரிச்சா மதிப்பு போயிரும்மா, ரீஇஷ்யூ வரட்டும், நல்லா சுத்தமா கேக்கலாம்னு சொல்லுவேன். சரின்னுடுவா. தங்கமான பொம்பளை.

நீங்களும் போன்ல அதையேதான் சொன்னீங்க, சீல் பிரிச்சா மதிப்பு போயிரும்னு. அதோட விட்டீங்களா, என் தொண்ணூத்தெட்டாம் வருஷ லிஸ்டை எடுத்து என்கிட்டயே வாசிச்சுக் காட்டினீங்க. 'சீல் பிரிக்காத தட்டு காப்பதற்கு. கேட்பதற்கு ரீஇஷ்யூ வரும்.' நான் எழுதினதுலயே நல்ல வரி அது.

போன ஆகஸ்ட்ல ஹில்டாவுக்குக் குரல்வளையை எடுத்துட்டாங்க தம்பி. கேன்சர். இப்ப கழுத்துல ஒரு ஓட்டை, அது வழியாத்தான் மூச்சு. பேச்சு சுத்தமா இல்ல. பிள்ளைங்க எழுதி எழுதி அழிப்பாங்களே, அந்த பிளாஸ்டிக் ஸ்லேட்டு ஒண்ணை மடியிலயே வெச்சிருப்பா. 'உப்பு கம்மி.' 'கேஸ் புக் பண்ணுங்க.' இப்படி எழுதிக் காட்டுவா. நான் படிச்சுட்டு சத்தமாப் பதில் சொல்லுவேன். அவளுக்குக் காது நல்லாத்தான் கேக்குது. நான்தான் எதுக்குன்னு தெரியாமக் கத்துவேன்.

ஜனவரியில ஜெர்மனியில இருந்து ஒரு சின்னக் கம்பெனிக்காரன் மெயில் போட்டான். என் லிஸ்டைப் படிச்சானாம், 'ஈவினிங் ஆன் மவுண்ட் ரோடு' ரீஇஷ்யூ பண்றேன்னான். டேப் கெடையாது, தட்டு ஒண்ணு குடுத்தா அதுல இருந்தே எடுத்துக்கறோம், கீறல் சத்தம், மூச்சு வாங்கற சத்தம் எல்லாத்தையும் மெஷின்ல எடுத்துடுவோம்னான். இருபத்தாறு வருஷம் எழுதினதுக்குப் பலன். ஹில்டாகிட்ட படிச்சுக் காட்டினேன். அவ ஸ்லேட்டுல எழுதினா: 'மூச்சு இருக்கட்டும்.' எனக்குப் புரியல. தட்டுல மூச்சு கேட்டா அது குறைதானே, நானே எத்தனை தட்டுக்கு அப்படி எழுதியிருக்கேன்.

ஜெர்மன்காரனுக்கு யோசிச்சுச் சொல்றேன்னு பதில் போட்டேன். ஒரு மூணு மாசம் இழுத்தேன். அவசரப்பட்டுப் பிரிக்கிற காரியமா அது?

மூணு வாரத்துக்கு முன்னால நோய் திரும்பி வந்துருச்சு. கழுத்துல நெறி கட்டியிருந்துச்சு, அதைப் பாத்துட்டு டாக்டர் வேற மருந்து ஏத்தணும்னார். கடுமையான மருந்தாம். காதைப் பாதிக்கலாம்னார். எவ்வளவுன்னு கேட்டேன், சொல்ல முடியாது, சிலருக்குக் கொஞ்சம் மந்தமாகும், சிலருக்கு நிறையன்னார். தேதி குறிச்சாச்சு, இந்தத் திங்கட்கிழமை. ஆட்டோவுல வரும்போது ஹில்டா ஸ்லேட்டை எடுத்தா. ஆட்டோ குலுங்குது, எழுத்து கோணல்மாணலா வருது. 'ஒரே ஒரு தடவை என் பாட்டைக் கேக்கணும்.'

உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது. நான் உடனே சரின்னு சொல்லல. ரெண்டு நாள் யோசிச்சேன். ஆறு மாசத்துல ரீஇஷ்யூ வந்துடுமேன்னுகூட சொல்லிப் பாத்தேன். அவ ஸ்லேட்டைத் திருப்பி வெச்சுட்டா. பிரிசில்லா சமையக்கட்டுல இருந்து கத்தியோட வந்தா. பீரோ சாவி எங்கன்னு கேட்டா. அவ கேட்ட விதத்துல நான் குடுத்துட்டேன்.

எண்பத்தி மூணுல மூர் மார்க்கெட்டுல வாங்கினது தம்பி, அந்த மார்க்கெட் எரியறதுக்கு முன்னால. நாப்பது வருஷம் மெத்துன்னு துணி சுத்தி நிக்க வெச்சிருந்தேன். ஈரம் படாம, வெயில் படாம. பிரிசில்லா ஒரே இழுப்புல கிழிச்சுட்டா. ஹில்டா நாற்காலியை பிளேயர் பக்கத்துல இழுத்துப் போட்டு உக்காந்தா, நல்ல புடவை கட்டியிருந்தா. நான்தான் ஊசியை வெச்சேன்.

'பெருமதிப்பிற்குரிய கூட்டுறவுச் சங்கத் தலைவர் அவர்களே'ன்னு ஒரு ஆம்பளைக் குரல்.

திருப்பிப் போட்டேன். அந்தப் பக்கமும் அவன்தான். கடலை விதை, வேளாண் கடன், மாவட்ட மாநாடு. கவரு சரி, படம் சரி, உள்ள தட்டு வேற. அச்சடிச்ச இடத்துல எந்த முட்டாளோ மாத்திப் போட்டிருக்கான். அவனை நான் சும்மா விடக் கூடாது, ஆனா அந்தக் கம்பெனியும் இல்ல, அவனும் இருக்க மாட்டான். நாப்பது வருஷம் ஒரு மாநாட்டுப் பேச்சுக்கு நான் துணி மாத்திக்கிட்டு இருந்திருக்கேன்.

ஹில்டா குனிஞ்சு உக்காந்திருந்தா, தோள் ரெண்டும் குலுங்குது. சிரிக்கிறாளோன்னு நினைச்சு நானும் கொஞ்சம் சிரிச்சேன். பிரிசில்லா, அம்மா அழறாங்கப்பான்னா. சத்தம் இல்லாததால ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு தம்பி. நான் என்ன பண்ண.

இருங்க, எழுந்திருக்காதீங்க. நீங்க என்ன நினைக்கறீங்கன்னு தெரியுது. பாவம்தான், ஆனா எங்க அப்பா தட்டை நான் எதுக்குப் பிரிக்கணும், உள்ள இதுலயும் மாநாடு இருந்தா என்ன பண்றதுன்னுதானே? இதுல மாநாடு இல்ல. இதுல ஹில்டாதான் இருக்கா. எனக்கு நிச்சயமாத் தெரியும். எப்படித் தெரியும்னு சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். போன்ல அதைச் சொல்ல நாக்கு எழும்பல.

உலகத்துல ரெண்டு தட்டுன்னு சொன்னேன்ல. என் வீட்டுல ஒரு காலத்துல ரெண்டு இருந்துச்சு. ஒண்ணு மூர் மார்க்கெட்டுல வாங்கின சீல் போட்டது. இன்னொண்ணு ஹில்டாவோடது. குவின்டெட்ல பியானோ வாசிச்ச டிசூசா அவ கையில குடுத்தது. கல்யாணத்துக்கு வரும்போது டிரங்குப் பெட்டியில கொண்டு வந்தா. ஞாயித்துக்கிழமை சர்ச்சு முடிஞ்சு வந்து அதைப் போட்டுட்டுத்தான் குழம்பு வைப்பா. தட்டோட கூடவே பாடுவா. பழசோட புதுசும் சேந்து ரெண்டு ஹில்டா பாடற மாதிரி இருக்கும். எனக்கு அதுல வருத்தம்தான், அப்படிப் போட்டுப் போட்டுத் தேய்க்கறாளேன்னு.

தொண்ணூத்தி மூணுல உங்க அப்பா மெட்ராஸ் வந்தார். அவர்கிட்ட ஒரு அமெரிக்கத் தட்டு இருந்துச்சு, ஒரு பியானோக்காரனோட முதல் அச்சு, நீல லேபிள். நான் அதுக்காகப் பத்து வருஷம் ஏங்கியிருக்கேன். அவர், சீல் பிரிக்காத 'ஈவினிங் ஆன் மவுண்ட் ரோடு' குடுத்தா மாத்திக்கறேன்னார். என்கிட்ட ஒண்ணுதான் சீலோட இருக்கு. அதை எப்படிக் குடுப்பேன், நீங்களே சொல்லுங்க. மனசு வரல.

அதனால ஹில்டா தட்டை எடுத்தேன். கவரைத் துடைச்சு, மூலையெல்லாம் நீவிவிட்டு, புது பாலிதீன் கவர்ல போட்டேன். ஆக்சா பிளேடு மேல ஓரத்தை மடிச்சு, மெழுகுவர்த்தி காட்டி ஒட்டினேன். சரியாத்தான் வந்துச்சு. அப்புறம் உங்க அப்பாவுக்கு அந்த லெட்டரை எழுதினேன்.

கோவப்படுங்க, பரவாயில்ல. திட்டுங்க. ஆனா ஒண்ணை யோசிச்சுப் பாருங்க, நான் அன்னிக்கு நேர்மையா அந்த சீல் போட்டதைக் குடுத்திருந்தா இன்னிக்கு உங்க சுவத்துல கூட்டுறவுச் சங்கம்தான் தொங்கிக்கிட்டு இருக்கும். அந்த விதத்துல உங்க அப்பாவுக்கு நல்லதுதான் பண்ணியிருக்கேன்.

ஹில்டாகிட்ட, மழைத் தண்ணி ஒழுகி உன் தட்டு வளைஞ்சு போச்சு, பேப்பர்காரன்கிட்ட போட்டுட்டேன்னேன். அந்த வருஷம் மழையும் பெருசாத்தான் இருந்துச்சு. அவ ஒண்ணும் கேக்கல. அன்னிக்கு வீடு பூரா பிளாஸ்டிக் தீஞ்ச நாத்தம், அதைப் பத்தியும் கேக்கல. அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமை பாடறதை விட்டுட்டா. சர்ச்சு கொயர்ல இருந்தும் நின்னுக்கிட்டா. வயசாக ஆக ஆசை விட்டுப்போயிடும்ல. நாப்பது, நாப்பத்தொண்ணு இருக்கும் அப்ப அவளுக்கு.

நேத்து நான் பையில துணி எடுத்து வைக்கும்போது வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. எங்க போறேன்னு நான் யார்கிட்டயும் சொல்லல. ஸ்லேட்டைத் தூக்கிக் காட்டினா. 'கோயம்புத்தூருக்கா?' அவளுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு எனக்கு இன்னும் புரியல. பிரிசில்லா சொல்லியிருப்பான்னு பாத்தா, அவளுக்கே தெரியாது. ரயில்ல வரும்போது பூரா அதைத்தான் யோசிச்சுக்கிட்டு வந்தேன்.

நான் பொய் சொல்றேன்னு நினைக்கறீங்க. தட்டைப் பிரிக்க வைக்கறதுக்காகக் கெழவன் கதை கட்டறான்னு. நியாயம்தான். சீல் பிரிக்காததுன்னு நான் சொன்னப்ப நம்பினீங்க, பிரிச்சதுன்னா நம்ப மாட்டேங்கறீங்க. சரி, நம்ப வேண்டாம். இந்தாங்க, என் பையில அசல் பாலிதீன் கவரு இருக்கு, பிரிசில்லா கிழிச்சது. சுவத்துல இருக்கிறதைக் கீழ இறக்கி இது பக்கத்துல வெச்சுப் பாருங்க. தொழிற்சாலையில சூடு வெச்ச ஒட்டு எப்படி இருக்கு பாருங்க, பட்டையா, தட்டையா. இப்ப உங்களோடதைப் பாருங்க. ஓரம் பூரா நூல் மாதிரி உருண்டு இருக்கும். மெழுகுவர்த்தியில ஒட்டினா அப்படித்தான் உருளும்.

பாத்துட்டீங்களா.

இது அந்த அமெரிக்கத் தட்டு, நீல லேபிள். உங்க அப்பாவோடது, திருப்பி எடுத்துக்கங்க. முப்பது வருஷத்துல ரெண்டு தடவைதான் போட்டேன். இது நான் ரயில்ல எழுதின லெட்டர். வண்டி குலுங்கி எழுத்து நல்லா வரல, ஆனா படிக்கலாம். 'நஞ்சப்பன் அவர்களுக்கு நான் கொடுத்தது சீல் பிரிக்கப்படாத பிரதி அல்ல. அது என் மனைவியின் பிரதி. அவளுக்குத் தெரியாமல் எடுத்து நானே ஒட்டினேன். தா. தேவநேசன்.' போட்டோ எடுத்து நம்ம தட்டு சேக்கறவங்க வாட்ஸ்அப் குரூப்ல போடுங்க. நூத்தி நாப்பது பேரும் பாக்கட்டும். இனிமே என் லிஸ்டை எவனும் படிக்க மாட்டான். முப்பது வருஷ மானம் தம்பி, ஒரே நாள்ல போகுது, போகட்டும். அந்தப் பழைய லெட்டரைக் கழட்டிட்டு இதை மாட்டுங்க.

இப்ப உங்க தட்டுக்கு மதிப்பு இல்ல. கேட்டுத் தேய்ஞ்ச தட்டு, கள்ள சீல். காப்பாத்தறதுக்கு ஒண்ணும் கெடையாது. இனிமே அதைப் பிரிச்சா யாருக்கும் நஷ்டம் இல்ல.

பிரிச்சதும் ரெண்டாவது பக்கத்து லேபிளைப் பாருங்க, நீல பால்பென்ல அவ எழுதியிருப்பா. தட்டு வந்த அன்னிக்கே கேட்டுட்டு எழுதினது, சின்னப் பொண்ணு கையெழுத்து. 'மூணாவது பாட்டுல நான் மூச்சு வாங்கறது கேக்குது. சே.' அதுக்கு அவ எவ்வளவு வெக்கப்படுவான்னு நினைக்கறீங்க. அந்த இடம் வரும்போதெல்லாம் குழம்புக் கரண்டியோட ஓடி வந்து சத்தத்தைக் குறைப்பா. இப்ப அந்த மூச்சை எடுக்காதேங்கறா. ஒருவேளை, அது அப்ப வாய் வழியா வந்த மூச்சுங்கறதாலயோ என்னமோ.

உங்க பிளேயர் பக்கத்துல போனை வெச்சா அவ அங்க கேப்பா, அதான் போட்டுட்டேன், ரிங் போகுது. பிரிசில்லா எடுத்து அவ காதுல வெச்சிடுவா, நான் போன் பண்ணினா அம்மா காதுல வைன்னு மட்டும் சொல்லிட்டு வந்தேன். ஹில்டா? நான்தான். கோயம்புத்தூர்லதான் இருக்கேன், நீ எழுதின மாதிரியே. இரு, வெச்சிடாத. தம்பி, இங்க வாங்க, கேளுங்க, உஸ் உஸ்ஸுன்னு கேக்குதில்ல? அது லைன் கோளாறு இல்ல, அவதான். காத்துக்கிட்டு இருக்கா.

கத்திரிக்கோல் எதுக்கு, வேண்டாம். இடது பக்கம் கீழ் மூலை. நான் ஒட்டிக்கிட்டு இருந்தப்ப உள்ள இருந்து, டீ ஆறிப்போகுது வாங்கன்னு கூப்பிட்டா. கை நழுவிருச்சு. அந்த இடத்துல மட்டும் ஒட்டு சரியா விழல, எனக்கு மட்டும்தான் தெரியும். அங்க விரலை விடுங்க, தானா வந்துடும். தட்டு மேல விரல் படாம ஓரத்தை மட்டும்... இல்ல. எப்படி வேணாலும் பிடிங்க தம்பி. பிடிச்சு வெளிய எடுங்க.